காமாலைச் சூடு

தர்மபுரி பக்கம் இண்டூர் கிளினிக்கில் என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஈப்போவிலிருந்து வந்த நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி லோகேஸ்வரி, இரண்டு மாதம் தொண்டு வேலை செய்யப்போகிறேன் என்று முதல் நாள் அழகாகச் சொல்லிக்கொண்டேன். மறுநாளே ‘மலேசியா’ ஆகிவிட்டேன். “மலேசியா, லா போட்டுப் பேசேன்” என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு பேசினால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம் ஆட்கள், நம் தமிழ் என்று பெருமையடித்துக்கொண்டு கிளம்பி வந்தவளுக்கு நன்றாக வேண்டும்.

எனக்கென்று இருந்த ஒரே ஆள் அங்கே நர்ஸாக இருந்த தமிழ்மணி சிஸ்டர். மத்தியானம் எனக்கும் சேர்த்துக் களி கொண்டுவருவார். அந்த அரை மணி நேரத்துக்காகவே மற்ற நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராமக்காள் என்பவர் தன் தம்பி மகள் அன்பரசியை இருமலுக்காக அழைத்துவந்தார். எட்டு வயதுப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்ததால் அத்தை வீட்டில் வளர்ந்தாள். ஸ்டெத்தை வைக்க முதுகுச் சட்டையைத் தூக்கினேன். இடுப்புக்கு மேலே வட்ட வட்டமாகத் தழும்புகள். ஒன்று இன்னும் ஆறவில்லை.

“இது என்னங்க?”

“காமாலைக்குச் சூடு போட்டதுங்க.” ராமக்காள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அவர்கள் போனதும் தமிழ்மணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக் காட்டினார். “எனக்கும் இருக்கு பாரு. சின்னதுல காமாலை வந்தப்ப எங்கம்மா போட்டாங்க. இங்க நெறைய பேருக்கு இருக்கும். இதப் போய் பெருசு பண்ணாத.”

“ஒரு காமாலைக்கு எத்தனை சூடு சிஸ்டர்? ஒண்ணு காய்ஞ்சிருக்கு, ஒண்ணு ஈரமா இருக்கு. மாசாமாசம் காமாலை வருமா?”

அவர் ஏற்றிய கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, “நீ ஃப்ளைட் ஏறிடுவ. நான் தெனமும் ராமக்காள் வூட்டத் தாண்டித்தான் வரணும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், நானும் பெரிய வீராங்கனை இல்லை.

புண்ணுக்கு மருந்து போட அன்பரசி அடுத்த முறை தனியாக வந்தாள். நான் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பிக் கேட்டாள்: “அக்கா, உங்களுக்கு எங்க போட்டாங்க?”

“என்னது?”

“சூடு. சொன்ன பேச்சு கேக்கலன்னா போடுவாங்கல்ல?”

“எனக்கு யாருமே போட்டதில்லம்மா.”

“பொய்” என்று சிரித்தாள். சத்தியமாக என்னைப் பொய்க்காரி என்றுதான் நினைத்தாள்.

அவள் போனதும் தமிழ்மணியின் கண் முன்னாலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன். அவர் தடுக்கவில்லை. அன்று மத்தியானம் எனக்குக் களி வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்தார். வரும் வழியிலேயே அத்தையையும் பிள்ளையையும் ஏற்றிவந்திருந்தார். ராமக்காளை வெளியே உட்காரவைத்துவிட்டு அன்பரசியிடம் கேட்டார். பிள்ளை வாயே திறக்கவில்லை. நான் கேட்டதற்கும் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே ராமக்காள், “காமாலைக்குப் போட்டதுன்னு ஊருக்கே தெரியுங்க. வேணும்னா தமிழ்மணியக் கேளுங்க” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் நிமிர்ந்தார். “சொல்லுங்க சிஸ்டர். காமாலைச் சூடுதானா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பிவிடும். தமிழ்மணி ஜன்னல் வழியாக ராமக்காளைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து அன்பரசியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“கண்ணு, உனக்கு எப்ப காமாலை வந்துச்சு?”

பிள்ளை யோசித்தாள். “எனக்கு வரவேயில்லயே சிஸ்டர்.”

மேடம் எழுதுவதை நிறுத்தினார்.

காயங்களைப் பரிசோதிக்கத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றும்போது நான் கை நீட்டினேன். அன்பரசி தமிழ்மணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். தமிழ்மணியும் அவளோடு ஏறிக்கொண்டார். எனக்கு வலித்தது, பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அவள் சரியான ஆளைத்தான் பிடித்திருந்தாள். நான் அடுத்த மாதம் இங்கே இருக்கமாட்டேன்.