சிவப்பு மூடிக் கேன்

"யானைப் படையே வந்து குடிச்சாலும் என் பொண்டாட்டி வச்ச தண்ணி தீராது!" என்று வாசலில் நின்று முழங்கினார் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கூடத்துக் கட்டிலில் அந்தப் பொண்டாட்டி, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, அவரை மறுத்துப் பேசாமல் படுத்திருந்தாள்.

மழை பொய்த்த வருஷம். தெருக் குழாய்களில் ஒரு வாரமாகக் காற்றுதான்.

"அளக்காதேண்ணே," என்றாள் தங்கை. "வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணிக்கு வழியில்ல. அண்ணி சேத்து வச்சதெல்லாம் பாசி புடிச்சிருக்கும்."

அவர் அலமாரியைத் திறந்தார். முன்னால் சேலைகள், பின்னால் கேன்கள். மாடிப்படிக்குக் கீழேயும் கேன்கள்.

"மாசாமாசம் பழசைச் செடிக்கு ஊத்திட்டுப் புதுசு புடிப்பா. குடிச்சுப் பாரு."

தங்கை முகர்ந்தாள். குடித்தாள். டம்ளரை மறுபடி நீட்டினாள். வந்த கூட்டம் அந்தக் கேன்களைக் குடித்துத் தீர்த்தது.

மிச்சக் கேன்கள் கட்டிலுக்கடியில். அவர் குனிந்து, "காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ," என்றார் பழக்கத்தில். பிறகு கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சவ வண்டி, கப்பல் மாதிரி புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது.

"ரேடியேட்டர் வத்திருச்சு சார்," என்றான் டிரைவர். "தண்ணி ஊத்தாம நகராது. அஞ்சு மணிக்கு இடுகாட்டுக் கேட்டைப் பூட்டிருவாங்க. அப்புறம் நாளைக்குத்தான்."

"நாளைக்கா? இந்த வெயில்லயா?" தங்கை பாய்ந்து ஒரு கேனைத் தூக்கினாள்.

"அடியே, நீல மூடி குடிக்கிறது! சிவப்பு மூடிதான் புழங்குறது, அதை எடு. அவளுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் உரிச்சிருவா!"

தங்கை மறுபேச்சில்லாமல் மாற்றி எடுத்தாள். அண்ணி வைத்த சட்டத்துக்கு அவள் கட்டுப்பட்டது அன்றைக்குத்தான்.

சூடு தணிந்ததும் டிரைவர் பானெட்டை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, அவர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்க, தங்கை ஊற்றினாள். வண்டி இருமியது, உறுமியது, அண்ணியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கேட்டுக்காரன் பூட்டைக் கையில் எடுத்த நேரத்தில் உள்ளே நுழைந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். "தன் வண்டிக்குத் தானே தண்ணி குடுத்து வந்து சேந்தா! முப்பது கேன் குடிச்சுது இஞ்சின்!"

தாமதமாக வந்த சித்தப்பா சிரித்தார். "இவன் பேச்சை விடு. நீ சொல்லும்மா. கண்ணால பாத்ததையே நம்பாதவ நீ."

தங்கை, தண்ணீர் ஊற்றும்போது நனைந்த முந்தானையைப் பிழியப் போனாள். பிழியாமல் விட்டுவிட்டாள்.

"முப்பது இல்ல சித்தப்பா, ரெண்டு. நான்தான் ஊத்துனேன்."