இசக்கி விரல் வைத்த இடம்

1

இது கட்டுரையாகப் பிறந்தது. 'நாட்குறிப்பு எழுதுவதன் பயன்கள்' பற்றி ஒரு மாத இதழ் கேட்டது. நானும் ஒப்புக்கொண்டு இப்படித் தொடங்கினேன்:

"நாட்குறிப்பு எழுதினால் மனம் லேசாகும். இரத்த அழுத்தம் குறையும். இதற்கு என் கீழ்வீட்டு அமுதவள்ளியே சாட்சி. அவள்—"

'அவள்' என்ற இடத்தில் கட்டுரை படுத்துவிட்டது. பிறகு எழுதியதெல்லாம் கதை. இதழ்க்காரர்கள் மன்னிக்கட்டும்.

2

அமுதவள்ளி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொச்சங்காடியில் ஒரு மலைச்சரக்குக் கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கிறாள். புருஷன் இசக்கிதுரை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது.*

ஒருநாள் தலை சுற்றுகிறது என்று அமுதா டாக்டரிடம் போனாள். பிரஷர். அந்த டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்து, மனசில் இருப்பதைத் தினமும் எழுதிவை என்றும் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து எழுதுகிறாள். பிரஷரும் இறங்கியது. எழுதிய நோட்டை ஃப்ரிட்ஜ் மேலேயே போட்டுவைப்பாள். பூட்டு எதற்கு? அந்த வீட்டில் தமிழ் எழுத்தே பூட்டு.

(இந்த வரியை எழுதியதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன்.)

* ஒரு சொல் நீங்கலாக. அவருடைய ஆட்டோவின் நெற்றியில் 'இசக்கியம்மன் துணை' என்று தமிழில் எழுதியிருக்கிறது. தன் பெயரும் அதில் இருப்பதால் 'இசக்கி' என்ற எழுத்துகளின் வடிவம் மட்டும் அவருக்குப் பழக்கம். இந்த அடிக்குறிப்பை மறந்துவிடாதீர்கள்.

3

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் இசக்கிதுரை—

(மழை இல்லை. நல்ல வெயில்.)

மீசையை முறுக்கிக்கொண்டு இசக்கிதுரை—

(அதுவும் இல்லை. என் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வருகிற மனிதர் அவர். இடக்கொச்சிக்கு லோடு ஏற்றிப் போனால் எனக்கும் சேர்த்து மீன் வாங்கி வருவார். அவரை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை. நல்லவராக்கவும் வரவில்லை.)

நடந்தது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம், அமுதா வேலையிலிருந்து திரும்பும் முன், அவர் அந்த நோட்டோடு என் வாசலில் நின்றார்.

"சேச்சி, ஒரு உபகாரம். இத ஒண்ணு வாசிச்சுத் தரணும்."

"அவ எழுதினத நான் எப்படிங்க..."

"முன்னாடி எங்கிட்ட நல்லா சண்ட போடுவா. இப்போ ஒண்ணும் மிண்ட மாட்டா, வாயே தொறக்கறதில்ல. சோறு போடுவா, எளுதுவா, உறங்குவா. எனக்குப் பயமா இருக்கு சேச்சி."

நோட்டைத் திறந்து ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "இது என் பேருதானே? வண்டியில இருக்கற அதே எளுத்து. எல்லாப் பேஜிலயும் இருக்கு. இங்க என்ன எளுதியிருக்கு?"

அந்த விரலுக்குக் கீழே இருந்தது இது:

"இசக்கி இன்று கை ஓங்கினார். அடிக்கவில்லை. அடித்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். எறணாகுளம் ஸ்டேஷனில் அவருடைய கூட்டாளிகள் இருப்பார்கள். ஆலுவா போய் ரயில் ஏறுவேன்."

4

நாட்குறிப்பின் பயன்களைப் பட்டியல் போடுகிறவர்கள், அதை அடுத்தவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டிவந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்லை.

இவருக்கு வாசிக்கத்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். உள்ளபடி வாசித்தால், அமுதா திரும்பி வரும்போது கீழ்வீட்டில் என்ன காத்திருக்கும்? ஓங்கிய கை இந்த முறையும் பாதியில் நிற்குமா? முடியாது என்று அனுப்பினால் வேறொரு தமிழ்க்காரரிடம் போவார். அவர் விரலை எடுக்கவில்லை.

கதை கட்டுவது என் பிழைப்பு. கட்டினேன்.

"இசக்கிக்கு இன்று மீன் கறி பிடித்திருந்தது. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம்."

அடுத்த பக்கத்தில் விரலை வைத்தார். அதற்கும் ஒன்று கட்டினேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"இத்தன நாளும் என்னப் பத்தி நல்லதாத்தான் எளுதியிருக்கா, பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் படியில் சுக்கு வாசனை வந்தது. அமுதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவர் நோட்டை அவள் கையில் கொடுத்து, "வா, இன்னிக்கு நான் சாயா போடறேன்" என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

5

(முடிவு அ: அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். இப்படி முடித்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி.)

அவள் நன்றி சொல்லவில்லை.

"எதுக்குக்கா மாத்தி வாசிச்சீங்க?"

"உன்ன அடிச்சிருவாரோன்னு..."

"என்னிக்காவது யார்ட்டயாவது கொண்டு போவாருன்னுதான ஃப்ரிட்ஜ் மேல போட்டு வச்சேன். அவரு பேரப் பெருசு பெருசா எழுதுனேன். வாயால சொன்னா பாதியிலயே கத்தி அடக்கிருவாரு. நோட்டுல இருந்தா முழுசாக் கேக்கணும்லா. அடிச்சா போயிருவேன்னு அவருக்குத் தெரியணும்கா. இப்ப மீன் கறின்னு நினைச்சுச் சிரிச்சிட்டுப் போறாரு."

"ஆலுவான்னும் எழுதியிருக்கியே. அங்க வந்து மறிச்சா?"

"மறிக்கட்டும். நான் போற வழி வேற. அத எழுதல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையை வாசித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இனி நீங்க வாசிச்சா நம்புவாரா? நீங்க இத எழுதுங்க. பத்திரிகையில வரட்டும். பேர மட்டும் மாத்தாதீங்க. அவருக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான்."

கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். அவள் போனாள்.

6

முதல் பிரதியில் பயந்துபோய் 'ராசப்பன்' என்று மாற்றினேன். பிறகு ஒவ்வொன்றாக அடித்துவிட்டு இசக்கி என்றே எழுதினேன்.

முடிவு ஆ, முடிவு இ என்று யோசித்துவைத்ததையெல்லாம் கிழித்தாயிற்று. முடிவு என் கையில் இல்லை. இதழ் வந்ததும் அமுதா அதை ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவைப்பாள். அவர் தன் பெயரைக் கண்டுகொள்வார். போன முறை என் முன்னால் கண் கலங்கியதால் இந்த முறை என்னிடம் வரக் கூச்சப்படுவார், தன்னைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கும் என்று நம்பிக்கொண்டு வேறு யாரையாவது தேடுவார். சந்தையில் கேட்பார், லோடு இறக்கும் இடத்தில் கேட்பார். அது நீங்களாக இருக்கலாம்.

நல்ல மனிதராகத்தான் தெரிவார். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, இதே பக்கங்களைப் புரட்டி, 'இசக்கி இன்று கை ஓங்கினார்' என்ற வரியின்மேல் விரலை வைப்பார். உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

"இங்க என்ன எளுதியிருக்கு?" என்பார்.