பாதிக் கிளாஸில் ஊற்றியவன்

ரயிலில் வரும்போதே ஹேரின், தான் கட்டிக்கொள்ளப்போகும் தீமாவுக்குப் பாடம் எடுத்துவிட்டாள்.

"அப்பாவுக்கு ஊத்தும்போது ரெண்டு கையாலயும் பாட்டிலப் பிடி. நீ குடிக்கறப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ. உனக்கு நீயே ஊத்திக்காத, என் மானம் போயிடும். அவர் கிளாஸ் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

தீமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கொரிய ரத்தம்தான், ஆனால் நாலு தலைமுறையாகக் கஜகஸ்தானில் இருக்கும் குடும்பம். வேலைக்காகக் கொரியாவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு சோஜு சாராயப் பாட்டிலுக்கு இத்தனை மரியாதையா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத. அப்பாவுக்கு வயித்துல புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். வாய் தவறிடாத."

புண் இல்லை, கணையத்தில் புற்றுநோய். அம்மாவையும் ஹேரினையும் மட்டும் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கல்யாணம் முடியும்வரையாவது மனுஷன் நிம்மதியாக இருக்கட்டும் என்று அம்மா கெஞ்சினாள். அன்றிலிருந்து அப்பாவிடம் போனில் பேசும்போதெல்லாம் ஹேரினுக்குத் தன் குரலே அருவருப்பாக இருந்தது.

வீட்டில், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா இளைத்துத் துரும்பாகியிருந்தார். நக்கல் மட்டும் இளைக்கவில்லை. புளிக்கவைத்த திருக்கை மீன் துண்டை மாப்பிள்ளை பக்கம் தள்ளினார். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"இத மென்னு முழுங்கிட்டா பொண்ணு உனக்கு. கண்ணு கலங்கிச்சு, அடுத்த ரயில்ல ஏத்திடுவேன்."

தீமா மென்றான். கண்ணில் நீர் கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீர், மாமா."

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! தீமா இரண்டு கையாலும் ஊற்றினான், முகத்தைத் திருப்பிக் குடித்தான். ஹேரினுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா பாதி குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "இந்தப் புண்ணு விட மாட்டேங்குது."

கிளாஸ் குறைந்திருப்பதைப் பார்த்த தீமா, பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்பினான்.

இந்த ஒன்றைச் சொல்ல ஹேரின் மறந்திருந்தாள். உயிரோடு இருப்பவர் கிளாஸைக் காலி செய்த பிறகுதான் ஊற்றுவார்கள். மிச்சம் இருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்புவது திதியன்று, படையலில், செத்தவர்களுக்கு.

"அடேய், அதுக்குள்ள என்னப் படமாக்கி மாட்டிட்டியா?" என்று அப்பா கேலியாகத்தான் ஆரம்பித்தார்.

அம்மா பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "அப்படி ஊத்தாத! அவருக்கு அப்படி ஊத்தாத!" கத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை நிற்கவே இல்லை.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்த நிமிஷம் ஹேரின் சிரித்திருந்தால் போதும், எல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். சிரிப்பு வரவில்லை.

"வயித்துப் புண்ணுக்கு யாரும் இப்படி அழ மாட்டாங்க" என்றார் அப்பா மெதுவாக. "ஹேரின், உன் கல்யாணத்துக்கு நான் இருப்பேனாம்மா?"

"தெரியலப்பா."

தீமா மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்டான். "எந்திரி மாப்பிள்ளை, நீ ஒருத்தன்தான் எங்கிட்ட எதையும் மறைக்கல" என்றார் அப்பா. அவனுக்கும் தெரியும் என்பதை ஹேரின் சொல்லவில்லை.

அவர் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். காலிக் கிளாஸை அவன் முன்னால் நீட்டினார்.

"இப்ப ஊத்து. உசிரோட இருக்கறவனுக்கு ஊத்தற மாதிரி ஊத்து."

தீமா இரண்டு கையாலும் ஊற்றினான். பாதி மேஜையில் கொட்டியது.