இறக்கிய இரண்டு தந்திகள்

டெல்ஃபியா அக்காவுக்குக் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் உச்சக் குரல் அதோடு போய்விட்டது. மிச்சமிருந்தது கனத்துக் கரகரக்கும் கீழ்க்குரல்தான்.

கென்டக்கி மலையில் இருக்கும் எங்கள் ஊரில் மே மாதக் கடைசி ஞாயிறன்று கல்லறைகளுக்குப் பூ வைப்போம். சுரங்கத்தில் செத்த தன் தம்பி ஒசாயா கட்டிய பாட்டை, டல்சிமர் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மடியில் கிடத்தி மீட்டியபடி அங்கே பாடுவது டெல்ஃபியாவின் வழக்கம்.

தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் கூடி டல்சிமர் வாசிக்கிறவர்கள் நாங்கள் நாலு பேர்: டெல்ஃபியா, தீயணைப்பு வீரர் ஆர்வில், ரோஸெட்டா, நான். அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை ஆர்வில்தான் பேச்சை எடுத்தார்.

"இந்த வருஷம் ரோஸெட்டா பாடட்டுமே, டெல்ஃபியா. நீ வாசிச்சாப் போதும்."

"நான் செத்தப்புறம் அவ பாடட்டும். இப்ப சுருதியை இறக்குய்யா."

மூன்று தந்திகளையும் ஒரு படி இறக்கினோம். குரல் எட்டவில்லை. இன்னொரு படி. அப்போதும் சுரம் ஏறும் வரியில் குரல் நின்றுபோனது. மேலும் இறக்கியதும் தடித்த தந்தி தொய்ந்து கடகடத்தது.

"இது தந்தியா, துணி காயப்போடற கொடியா?" என்றார் ஆர்வில்.

டெல்ஃபியா சிரிக்கவில்லை. வாத்தியத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "பாட்டை எந்த மெட்டுக் கட்டையில விரல் வச்சு ஆரம்பிக்கிறோம்?"

"மூணாவது கட்டையிலக்கா."

"எதுக்கு அவ்வளவு தூரம் ஏறணும்? விரலே வைக்காம, வெறுந்தந்தியில ஆரம்பிச்சா?"

"ஆகாது. நம்ம வாத்தியத்துல கட்டைகள் இருக்கிற வரிசைக்கு, அங்கேருந்து ஆரம்பிச்சா ஏழாவது சுரம் தாழ்ந்து ஒலிக்கும். பாட்டே கெட்டுப்போயிடும்" என்றார் ஆர்வில்.

ரோஸெட்டா கண்ணை மூடிப் பாட்டை முழுக்க முனகிப் பார்த்தாள். "ஏழாவது சுரமா? இந்தப் பாட்டுல அது வரவே இல்லையே!"

நாங்களும் முனகிப் பார்த்தோம். வரவே இல்லை.

டெல்ஃபியா எல்லாத் தந்திகளையும் பழைய இடத்துக்கு ஏற்றினாள். தடித்ததைத் தொடாமல், மெல்லிய இரண்டை மட்டும் ஒரு படி இறக்கினாள். வெறுந்தந்தியில் ஆரம்பித்து மீட்டினாள். கடகடப்பு இல்லை. குரலும் வந்து உட்கார்ந்தது.

விரல்கள்தான் பழைய இடத்துக்கே ஓடின. திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வாசித்தாள். நடுவில் அபாயச் சங்கு ஊத, ஆர்வில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். முகமெல்லாம் கரியோடு திரும்பியபோதும் அவள் நகர்ந்திருக்கவில்லை.

"இன்னும் வீட்டுக்குப் போகலையாம்மா நீ?"

"பேசாதே. கையக் கழுவிட்டு வந்து வாசி."

ஞாயிறன்று கல்லறையில் நாங்கள் மூவரும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அதே சுருதியில் மீட்டினோம். இரண்டாவது சரணத்தில் அவள் குரல் உடைந்தது. சில தலைகள் ரோஸெட்டா பக்கம் திரும்பின. ரோஸெட்டா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. டெல்ஃபியா உடைந்த வரியையே மறுபடி எடுத்து, கடைசி வரை பாடி முடித்தாள்.

ஒசாயாவின் மனைவி மர்டில் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "அண்ணி, அப்படியே அவர் பாடின மாதிரி இருந்துச்சு."

"போடி, அவன் இதைவிட மோசமாப் பாடுவான்" என்றாள் டெல்ஃபியா. சொல்லிவிட்டு மர்டிலின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.