பட்டாளத்துப் பொடி டப்பாவும் எட்டாவது தும்மலும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைச் சேர்ப்பது, எதைக் குப்பையில் போடுவது என்றே தெரியவில்லை. மிஞ்சின சோற்றைக் கொட்டுகிறார்கள். கடைக்குப் போய்க் கிழிசல் பேண்ட்டாகப் பார்த்து வாங்குகிறார்கள். எவனோ மூக்குப்பொடி போட்ட டப்பாவுக்குக் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மாரண்டஹள்ளி சென்றாயனுக்கு இந்த எரிச்சல் காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கார் அவர் வாசலில்தான் நின்றது.

வந்தவர் மாதவராஜ், ஓசூரில் ரிடையரான பேங்க்காரர். விக்டோரியா ராணி காலத்துப் பட்டாளங்கள் சண்டையில் ஜெயித்த ஞாபகத்துக்கு அடித்த பொடி டப்பாக்கள் என்றால் மனுசனுக்குப் பைத்தியம். நாற்பத்தொன்று சேர்த்து வைத்திருந்தார். அவரிடம் மாமனாரைக் காட்டிக்கொடுத்தது மருமகள் சோபனா. டப்பாவின் கீல் தளர்ந்து வேட்டியெல்லாம் பொடி, துவைக்கிற தண்ணியெல்லாம் பொடி. பொறுத்துப் பார்த்துவிட்டு டப்பாவைப் போட்டோ எடுத்துப் போனில் போட்டுவிட்டாள்.

பித்தளை டப்பா அது. மூடியில் ராணி தலை, கீழே குறுக்காக இரண்டு துப்பாக்கி, 1855 என்று வருசம். பாட்டனுக்குப் பாட்டன் பட்டாளத்துக் குதிரைக்குப் புல்லறுத்துப் போட்டபோது ஒரு துரை கொடுத்தது என்பது வீட்டுப் பேச்சு. திருடியது என்பது பங்காளிகள் பேச்சு.

கையில் வாங்கியதும் மாதவராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதன் ஜோடி அவரிடம் இருக்கிறதாம். இதைப் பதினொரு வருசமாகத் தேடுகிறாராம். பதிலுக்கு ஒரு வெள்ளி டப்பாவை நீட்டினார். சென்றாயன் அதைக் கடித்துப் பார்த்தார். தன் பொடியில் கொஞ்சம் அதில் போட்டு மூடி, தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு துகள் சிந்தவில்லை. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று அவருக்கே மனசு வந்துவிட்டது. கொடுப்பதற்கு முன் பித்தளை டப்பாவைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். தூசி பறந்தது. மாதவராஜ் ஒரு தும்மல் போட்டார்.

ஒற்றைத் தும்மலில் பொருளைக் கை மாற்ற சென்றாயன் என்ன புத்தி கெட்டவரா? இன்னொன்று ஜோடி சேர்ந்தால்தான் சகுனம். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு தும்முப்பா. தர்றேன்."

மாதவராஜ் சூரியனைப் பார்த்தார். வரவில்லை. நூலைத் திரித்து மூக்கில் விட்டார். அடுத்தடுத்து இரண்டு வந்தது. ஆக மூன்று, மறுபடி ஒற்றை. முதல் தும்மல் ஆறிப்போச்சு, இந்த ரெண்டுதான் ஜோடி என்று சோபனா வழக்காடினாள். எடுபடவில்லை. தக்காளிக் கூடை கேட்டு வந்த பக்கத்து வூட்டு வெங்கடாசலம் அந்தத் தூசியில் மாட்டி ஒன்று போட, அதை நாலாவதாகச் சேர்க்கச் சொன்னாள்.

"அவனா டப்பா வாங்கறான்?" என்றார் சென்றாயன்.

நாற்பத்தொரு டப்பா வைத்திருந்தும் ஆயுசில் ஒரு சிட்டிகை பொடி போட்டறியாத மாதவராஜ், கடைசியில் துணிந்து ஒன்றை உறிஞ்சினார். வந்ததே பாருங்கள், நாலு! கண்ணாடி எகிறியது, கோழி கூரையேறியது, சோபனா சிரிப்புத் தாளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் ஏழு. இன்னும் ஒன்றே ஒன்று. நான்கு பேரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். மாதவராஜின் மூக்கு துடித்தது, நின்றது, துடித்தது. எட்டாவதும் வந்தது.

சோபனா கைதட்டினாள். சென்றாயன் கை மட்டும் அசையவில்லை.

"கண்ணத் தொறந்துக்கிட்டே தும்முனயேப்பா. எவனுக்கு அப்பிடி வரும்?"

டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண் மூட மறந்துவிட்டதாகக் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினார் மாதவராஜ்.

"நெசந்தானுங்க மாமா. எம்மேலயே தெறிச்சுதுங்க" என்றாள் சோபனா.

வெங்கடாசலத்தைக் கேட்டதற்கு, முக்கால் தும்மல் இருக்கும் என்றான்.

முக்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சென்றாயன் வெள்ளி டப்பாவிலிருந்த பொடியைப் பழையதில் கொட்டிக்கொண்டு, அதை இடுப்பில் செருகி, தோட்டத்துப் பக்கம் நடந்தார். வரப்பு ஏறும்போது பின்னால் பீரங்கி வெடித்த மாதிரி இன்னொரு தும்மல் கேட்டது. அந்த முக்காலைத் தள்ளிவிட்டு இதைச் சேர்த்துக்கச் சொல்லி சோபனா கத்தினாள், இப்ப சரியா எட்டாம்.

அவர் திரும்பவில்லை. பேங்க்காரன், அதற்குள் பொய்த் தும்மல் போடப் பழகிக்கொண்டிருப்பான்.