முப்பது நாள் புள்ளிகள்

மேடம் சிரிக்கும் சத்தம் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி என் மேஜைக்குக் கேட்டது. அவரிடம் ஆராய்ச்சி செய்ய இந்த ஆய்வகத்துக்கு வந்து ஐந்து வருடமாகிறது. ஒருமுறைகூட நான் அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த மின்னலின் கணினித் திரையில் ஊரின் வரைபடம் விரிந்திருந்தது. அதன்மேல் அம்மை போட்டதுபோலச் சிவப்புப் புள்ளிகள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஒவ்வொன்றும் மூச்சிரைப்பு உள்ள ஒரு குழந்தையின் வீடு.

"ஒரே மத்தியானத்துலயா முடிச்ச?" என்றார் மேடம்.

"ரெண்டரை மணி நேரம் மேடம். நடுவுல கரண்ட் போச்சு, இல்லேன்னா இன்னும் சீக்கிரம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "இது முன்னாடியே நமக்குத் தோணியிருந்தா நீ அவ்ளோ நடந்திருக்க வேண்டாம்ல?"

பரிவாகத்தான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

பெரிய சாலையிலிருந்து வீடு எவ்வளவு தூரம், அந்தத் தூரத்துக்கும் குழந்தையின் இரைப்புக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மருத்துவமனை அனுமதியோடு கொடுத்த படிவங்களில் பெற்றோர் கையால் எழுதிய முகவரிகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட். பழைய சலவைக் கடை மாடி, இடது பக்கக் கதவு. நான் ஒவ்வொரு வாசலுக்கும் போய், கைப்பேசியைவிடச் சற்றுத் தடிமனான ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, அது செயற்கைக்கோள்களைப் பிடிக்கும்வரை அசையாமல் நின்று, வரும் எண்களை நோட்டில் எழுதுவேன். வீட்டுக்காரர்கள் கேட்டால் விளக்குவேன். கேட்காமல் முறைப்பவர்களுக்கு விளக்க எனக்கு வாய் வராது. ஏழு மாதத்தில் அறுநூற்றுப் பதினோரு வாசல்கள். ஆய்வக உதவியாளர் அண்ணன் எனக்கு போஸ்ட்மேன் என்று பெயர் வைத்தார். புதிதாக வந்தவளுக்கு முதல் வாரத்திலேயே மின்னல் என்று வைத்தார். இரண்டு பெயருமே பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மின்னல் எங்கும் நடக்கவில்லை. முகவரிகளை ஒரு வரைபட நிறுவனத்தின் சேவைக்கு அனுப்பினாள். அது ஒவ்வொன்றையும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாளே அதில் ஒரு தப்பைக் கண்டேன். நான் நேரில் போய் நின்ற வாசல்கள் சில, ஊர் நடுவிலுள்ள ரவுண்டானாவில் விழுந்திருந்தன. புரியாத முகவரிகளையெல்லாம் அந்தச் சேவை அங்கேயே கொட்டியிருந்தது. எழுபத்தொரு குழந்தைகள் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிற்கும் மேடையில் குடியிருந்தார்கள். என் வயிற்றில் இனிப்பாக ஏதோ ஊறியது. எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். அவள் ஏற்கெனவே மேடத்தின் அறையில் நின்று, "மேடம், ஒரு பஸ் நிறைய புள்ளைங்கள ரவுண்டானாவுல இறக்கி விட்டிருக்கு, அத்தனையும் எடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே மறுபடியும் அந்தச் சிரிப்பு. தன் தப்பைக்கூட அவளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இரண்டரை வாரம் கழித்து மேடம் முடிவைச் சொன்னார். கட்டுரை மின்னலின் புள்ளிகளை வைத்துத்தான் போகும், முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது. முதல் பெயரில் ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அவளுக்கு இது முதல் வருடம். எனக்குக் கடைசி. மேடத்துக்கு இது தெரியாமலில்லை. "உனக்கு வேற ஒண்ணு பண்ணிடலாம்" என்றார். என்ன என்று சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்த வரைபட நிறுவனத்தின் நிபந்தனைகளை எடுத்துப் படித்தேன். நாற்பத்தாறு பக்கம். அம்மா தட்டை நீட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"தலைவலி மாத்திரை சீட்டையே கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஜென்மம். இப்ப என்னத்த படிக்கிற?"

"வேலைம்மா."

"மூஞ்சியப் பாத்தா வேலை மாதிரி இல்லியே. யாரையோ மாட்டி விடப் போற மாதிரி இருக்கு."

பதினோராம் பிரிவில் இருந்தது. சேவையிலிருந்து பெறும் இட எண்களைத் தற்காலிகமாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம், அதிகபட்சம் முப்பது நாள். அவற்றை அடுக்கித் தரவுத்தொகுப்பு ஆக்கக்கூடாது. அவற்றிலிருந்து கணக்கிட்ட எதையும் பிறருக்குத் தரக்கூடாது. கல்வி ஆராய்ச்சிக்கு விலக்கு வேண்டுமானால் அந்த முப்பது நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். ஒரு கடிதம் எழுதினால் கிடைத்துவிடக்கூடும். அவள் எண்களை வாங்கி அன்றைக்குப் பத்தொன்பது நாள்.

மறுநாள் காலை என் மேஜை நாட்காட்டியில், அன்றைய கட்டத்தின் மூலையில் பென்சிலால் இருபது என்று சிறிதாக எழுதினேன். ஏன் எழுதினேன் என்று என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாள் இருபத்தொன்று. தினமும் வந்ததும் முதல் வேலை அதுதான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவள் மேடத்தின் காரில் வந்து இறங்குவதைப் பார்ப்பேன், அல்லது மேடம் அவளைக் "கண்ணு" என்று கூப்பிடுவார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

இருபத்தாறாம் நாள் அவளே என் மேஜைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலே என் டப்பாவிலிருந்து ஒரு பழத்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒரு உதவி. இந்த மேப் கம்பெனிக்காரன் ஏதோ பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கான். எனக்கு ரெண்டாவது பக்கத்துலயே தூக்கம் வந்துடுச்சு. நீங்கதான் எதையும் முழுசாப் படிக்கிற ஆளு. இதுல ஏதாவது வில்லங்கம் இருக்கா?"

அவள் கன்னத்தில் பழம் உப்பியிருந்தது. கண்ணில் துளி சந்தேகம் இல்லை.

"பார்த்த வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்பாடா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எழுந்து போகும்போது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அந்த இடம் வெகுநேரம் கனமாக இருந்தது.

முப்பத்து நான்காம் நாள் கட்டுரை அனுப்பத் தயாரானது. தரவை எல்லோரும் பார்க்கும்படி நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்பது இதழின் விதி. அதைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே எங்கள் அறைக்கு வந்தார். கையில் நாற்பத்தாறு பக்கங்கள்.

"முப்பது நாளைக்கு மேல வெச்சிருக்கறதே தப்பு. இதுல ஊருக்கே எடுத்துக் குடுக்கப் போறீங்களா? தூர அளவு எல்லாம் இதுலருந்து வந்ததுதானே? அதுவும் போகணும்."

"ஆராய்ச்சிக்குன்னு சொல்லிப் பார்க்கலாமே சார்?" என்றாள் மின்னல்.

"பார்த்திருக்கலாம்மா. போன வாரம் வரைக்கும் டைம் இருந்துது."

மேடம் யாரையும் திட்டவில்லை. நூலகரிடமிருந்து தாள்களை வாங்கிப் பதினோராம் பிரிவைப் படித்தார். பிறகு, "போஸ்ட்மேனோட அறுநூத்திப் பதினொண்ணு இருக்குல்ல? அது யார்கிட்டயும் வாங்கினது இல்ல. அதை வெச்சு ஆரம்பிப்போம். மீதிய நடந்தே எடுங்க. முதல் பேரு உன்னோடதுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை போஸ்ட்மேன் என்று சொன்னது அதுதான் முதல்முறை. முதல் பெயர் என்று நான் காத்திருந்த வார்த்தையும் வந்து சேர்ந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மின்னல் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். திரையில் ஊர் மெல்லச் சுத்தமானது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னைக்கு வாங்கினேன்னு பாக்கறேன் அக்கா, எத்தன நாள்ல கோட்ட விட்டேன்னு தெரியணும்" என்று என் மேஜைக்குக் கை நீட்டி நாட்காட்டியை எடுத்தாள்.

எனக்கு எழுந்திருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கட்டங்களின் மேல் அவள் விரல் நகர்ந்தது. ஒரு மூலையில் நின்றது. பிறகு அடுத்தது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்தாறில் சற்று அதிகநேரம் நின்றது. முப்பதோடு எண்கள் முடிந்திருந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. நாட்காட்டியைத் திரும்ப வைத்தாள். தூசியில் அது விட்டுப்போயிருந்த சதுரத்துக்குள் துளியும் பிசகாமல் வைத்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு."

"வரேன்."

அக்கா என்று சொல்லவில்லை.

காலையில் எனக்கு முன்பே வந்து நின்றாள், தடித்த அடி வைத்த செருப்போடு. தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த சந்தில் எங்கள் முதல் வாசல். படிவத்தில் நீல ஜன்னல் என்று இருந்தது. ஜன்னல் இப்போது சாம்பல் நிறம். கதவு எண்ணைச் சரிபார்த்தாள், தலையசைத்தாள். உள்ளே ஒரு குழந்தை இருமியது, நின்றது, மறுபடி இருமியது. கருவியை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம்.

"எவ்ளோ நேரம்?"

"அசையாம நின்னா பத்து நிமிஷம்."

திரையில் எங்கள் இடம் ஒரு பெரிய வெளிர்நீல வட்டமாகத் தெரிந்தது. தெரு முழுக்க அடங்கும் வட்டம். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் நாங்கள் இருக்கலாம். மூன்று செயற்கைக்கோள், நான்கு, ஐந்து. அந்த நாட்காட்டியைப் பற்றி இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"அசையாதீங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வட்டம் சுருங்கத் தொடங்கியது. முதலில் எதிர்வீடு அதிலிருந்து விலகியது, பிறகு சந்தின் முனை, பிறகு பக்கத்து வாசல். எங்கள் இருவரையும் உள்ளே வைத்து அது இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது.