கூடுதலாய் நாலெழுத்து

“இது ஹெட்மாஸ்டர் ரூம். தனியா ஜன்னல் வெச்சிருக்காங்க, பாருங்க” என்றார் வழிகாட்டி.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பௌத்தத் துறவி தலைசாய்த்த இடம் அது. எதிரே செங்கல் தூபி, தலையில்லாத புத்தர், வரிசையாக இன்னும் இருபது அறைகள். அத்தனையும் வகுப்பறைகளாம். கற்படுக்கைகள் பெஞ்சுகளாம்.

“கடைசி பெஞ்ச் எது?” என்றான் மச்சினன். டுடோரியல் நடத்துகிறவன், விசிட்டிங் கார்டில் ‘கல்விச் சிற்பி’ என்று போட்டுக்கொள்கிறவன். வழிகாட்டி யோசிக்காமல் மூலையைக் காட்டினார்.

“பாத்தீங்களா மாமா? ரூமுக்கு நாலு பேர்தான். தனிக் கவனம்! இதைத்தான் நான் நோட்டீஸ்ல போடுறேன்.”

இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவன் நான்தான்.

தொல்லியல் துறையில் எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. பன்னிரண்டு வருஷம் முன்பு இந்த வாசலில் வைக்கும் தகவல் பலகைக்கான வாசகம் என் மேசைக்கு வந்தது. ‘பௌத்தத் துறவிகளின் பழைய பள்ளி’ என்று ஒரு பேராசிரியர் சரியாகத்தான் எழுதியிருந்தார். துறவிகள் தங்கும் இடத்துக்கும் அந்தக் காலத்தில் பள்ளி என்றுதான் பெயர். அகராதியைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. அரைகுறையாக நிற்கிறதே என்று சிவப்பு மையில் ‘க்கூடம்’ சேர்த்தேன். கூடுதலாய் நாலெழுத்து.

மறுவருஷம் யாரோ ஒரு வாசகர் பிழையைச் சுட்டிக் கடிதம் போட்டார். கடிதமும் என் மேசைக்கே வந்தது. நானே கண்டுபிடித்ததுபோல் இயக்குநரிடம் ஓடினேன்.

“யாருய்யா இதுக்குப் பொறுப்பு?” என்றார்.

“எழுதினவரைத்தான் கேக்கணும் சார்.”

நான் பேராசிரியரை நினைத்துச் சொன்னேன். அவர் காலமாகியிருந்தார், அவருக்கு இனி ஒன்றும் ஆகாது. இயக்குநரோ பலகை எழுதிய பெயின்டரை நினைத்துக்கொண்டார். பிழை திருத்துவது என் தொழில். அந்த ஒரு பிழையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

பெயின்டரை ஒரே வாரத்தில் நீக்கினார்கள். பலகையை நீக்குவதற்கான கோப்பு பதினோரு வருஷமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. மனைவி அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் அதைக் காட்டுவாள். முழங்கால் வலி, வெயில், வேலை என்று பதினோரு வருஷம் இந்த வாசலைத் தட்டிக்கழித்தேன். மச்சினன் காரோடு வந்ததில் மாட்டிக்கொண்டேன்.

மனைவியும் மச்சினனும் ஹெட்மாஸ்டர் ரூமில் போட்டோ எடுக்க நின்றபோது, தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே நழுவினேன். செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கனை நீட்டினேன்.

“சார், நல்லாயிருக்கீங்களா?”

பெயின்டர். தலை நரைத்திருந்தது. விரல் நகத்தில் பெயின்ட் இல்லை.

“நீங்க… இங்கயா?”

“எட்டு வருஷமா. போர்டு எழுதக் கூப்பிட மாட்டேங்கறாங்க. எங்க போனாலும், ‘நீ இல்லாததை எழுதுற ஆளாச்சே’ங்கறாங்க.” என் செருப்பைத் துடைத்து வைத்தார். “இப்போ இங்க புதுப் போர்டுக்கு ஆள் எடுக்கறாங்க சார். அந்த எழுத்தை நான் சேர்க்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்.”

ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம். ‘பார்க்கலாம்’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதற்குள் டோக்கன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துப் பேனாவைத் திறந்து நீட்டிவிட்டார்.

‘மேற்படி பலகையில் பிழை நேர்ந்துவிட்டது. அதற்கும் பெயின்டருக்கும் தொடர்பில்லை’ என்று எழுதினேன்.

அவர் எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தார். “பிழை தானா வந்துச்சா சார்?”

வாங்கி, ‘பலகையில்’ என்பதை அடுத்து ‘அலுவலகத்தால்’ என்று சேர்த்தேன்.

“ஆபீசுக்குக் கை இருக்கா சார்?” குரலில் கோபமே இல்லை. “சிவப்பு மையில இருந்ததைப் பாத்துத்தான் எழுதினேன். க் மேல புள்ளியை நீங்க குட்டி வட்டமா போடுவீங்க. தாளை பில்லோட குடுத்துட்டேன், அதான் காட்ட முடியல.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

‘அலுவலகத்தால்’ என்பதை அடித்தேன். ‘என்னால்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு, இந்தக் கடிதம் போகிற பிரிவில் நமக்குத் தெரிந்தவர் யார், ஒரு போன் போட்டால் கோப்பில் அமுக்கிவிட மாட்டாரா என்று புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது. அவசரமாக அடியில் ‘நகல்: இயக்குநருக்கு’ என்று எழுதினேன்.

“என்னங்க, வந்த இடத்துலயும் எழுத்து வேலையா?” மனைவி பின்னால் நின்றாள். மச்சினனும் வந்துவிட்டான்.

பெயின்டர் முந்திக்கொண்டார். “என் வேலைக்கு சார் சிபாரிசு எழுதித் தர்றாரும்மா.”

“இவருக்கு எப்பவுமே இளகின மனசுங்க” என்றாள் அவள். “இங்க ஒரு போர்டு இருக்கு பாருங்க, அதுல தப்பைக் கண்டுபிடிச்சதே இவர்தான்.”

“அப்படிங்களாம்மா” என்று குனிந்து, அவளுடைய செருப்பைத் தேட ஆரம்பித்தார் பெயின்டர். எனக்காகப் பொய் சொன்ன மனிதரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி தாளை மடித்து அவர் பையில் வைத்துவிட்டால் போதும், இவளுக்குத் தெரியப்போவதில்லை.

தாளை அவளிடம் நீட்டினேன்.

“நல்லா இருக்கான்னு நான் பாக்கணுமாக்கும்?” என்று சிரித்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். எதையும் சத்தம்போட்டுத்தான் படிப்பாள். செருப்புக்கு நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மேற்படி பலகையில்…” என்று கணீரென்று ஆரம்பித்தாள். அடுத்த சொல்லில் குரல் இறங்கியது.

“படிக்கா, ஏன் நிறுத்திட்டே?” என்றான் மச்சினன்.